தோல் கொடுத்த நந்தனாரும் தெற்கு வாயிலும்

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் தோல் ஷாப்பில் வேலை செய்யும் நம் மக்களில் எத்தனை பேருக்குத் தெரியும், நந்தனாரும் தோல் தொழிலோடு வாழ்ந்தவர் என்று?

கொள்ளிடக் கரை ஆதனூர்ச் சேரியில் பிறந்தவர். திருநாளைப்போவார் என்ற பெயரில் சுந்தரர் இவரைக் குறிப்பிடுகிறார். வாழ்க்கையை விரிவாகச் சொன்னவர் 12ஆம் நூற்றாண்டின் சேக்கிழார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் நந்தனார் கொடுத்துவந்தார். அவர் கொடுத்த தோல் உள்ளே போனது. அவர் வெளியே நின்றார்.

படத்தில் பார்த்த ஐயர் பண்ணையார் பெரியபுராணத்தில் இல்லை. அவர் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்த பாத்திரம். சேக்கிழார் காட்டும் நந்தனார், ஊர் விட்ட பறை மானிய நிலத்தில் பிழைத்தவர். திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகியது என்பார்கள். அங்கே அவர் குளம் வெட்டியதைப் பலர் சொல்வதில்லை.

தில்லைக்குப் போக ஆசை. விடமாட்டார்கள் என்றும் தெரியும். நாளை, நாளை என்று தள்ளிப்போட்டு, ஒருநாள் போயே விட்டார். ஊர் எல்லையையே சுற்றிவந்தார். கடைசியில் தெற்கு மதில் வாயிலுக்கு முன்னால் தீ வளர்த்தார்கள். அதில் இறங்கி எழுந்து, கோயிலுக்குள் போய் மறைந்தார் என்று புராணம் முடிகிறது. மற்றவர்கள் சாதாரணமாக நடந்துபோன வாசலுக்கு அவருக்கு மட்டும் ஏன் நெருப்பு?

பயன்படாத வாசலைச் செங்கல் வைத்து அடைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் நடராசர் தெற்கு பார்த்து நிற்கும் கோயிலில், அவருக்கு நேரான தெற்கு வாயிலைச் சுவர் வைத்து அடைத்திருப்பதைப் பயன்படாத வாசல் என்று ஒதுக்க முடியுமா? நந்தனார் நுழைந்த வழி என்பதாலேயே அடைத்தார்கள் என்கின்றன தலித் இயக்கங்கள். தீட்சிதர்கள் மறுக்கிறார்கள். சுவரை அகற்றக் கோரி 2010இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி போராடியது.

நம் பழைய வட ஆற்காட்டுக்கும் இதில் பங்குண்டு. ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தர்தான் சிதம்பரம் போய், 1916இல் நந்தனார் பெயரில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

சுவர் எப்போது, எதற்காக வந்தது என்பதைத் தொல்லியல் துறை ஆராய்ந்து சொல்லட்டும். அதற்கு யார் தடை?