இசைமேதை பிரான்ஸ் லிஸ்ட்: நண்பர்களுக்காக வாசித்த செபம்

எமது பாடசாலை மண்டபத்து மூலையில் நின்ற பழைய பியானோவை என் வகுப்புத் தோழிகள் மறந்திருக்கமாட்டீர்கள். தன்னாமுனை வாவிக் காற்றின் உப்பு அரித்து, இடது பக்கத்தில் நாலைந்து கட்டைகள் ஊமையாகியிருந்தன. அதில் எமக்குப் பழக்கிய அருட்சகோதரி சொல்லித்தான் பிரான்ஸ் லிஸ்ட் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

லிஸ்ட் 1811 ஒக்டோபர் 22இல், அன்றைய ஹங்கேரியின் றைடிங் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே வியன்னாவில் செர்னியிடம் கற்றார். (செர்னியின் பயிற்சிகளில் விரல் நொந்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும்!) வாலிபத்தில் ஐரோப்பா முழுவதும் கச்சேரி, புகழ், கைதட்டல். 1838இல் டனூப் நதி பெருகிப் பெஸ்ட் நகரை மூழ்கடித்தபோது, வியன்னாவில் கச்சேரிகள் வைத்து அகதியானோருக்குப் பணம் சேர்த்தார். 1840இல் ஹங்கேரியப் பிரபுக்கள் அவருக்கு ஒரு போர்வாளைப் பரிசளித்தார்கள். 1847இல், 35 வயதிலே, காசுக்கு வாசிப்பதை நிறுத்திவிட்டு ஜெர்மனியின் வைமார் நகரில் குடியேறினார்.

மறு ஆண்டு ஹங்கேரி கிளர்ந்தெழுந்தது. லிஸ்டின் நண்பர் இளவரசர் லிக்னோவ்ஸ்கி 1848இல் பிராங்ஃபேர்ட்டில் கும்பலொன்றினால் கொல்லப்பட்டார். 1849 ஒக்டோபர் 6ஆந் திகதி ஹங்கேரியின் முன்னாள் பிரதமர் பத்யானி பெஸ்டில் சுடப்பட்டார். அதே நாளில் அராட் நகரில் 13 தளபதிகள் கொல்லப்பட்டனர். அந்த மாதம் 17ஆந் திகதி பாரிஸில் ஷோபனும் கண்மூடினார். லிஸ்டோ வைமாரில் பத்திரமாக இருந்தார். பாரிஸ் நாட்களில் பழகிய கவிஞர் ஹைனே, வாளை உருவாமலே தப்பிவிட்டார் என்று அவரைக் கவிதையில் எள்ளினார்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வரும். திருமணமாகி நாவலடியில் குடியிருந்த எம் வகுப்பினர் இருவரைக் கடல் கொண்டுபோனது. நான் அன்று பேராதனையில் மருத்துவ மாணவி. பத்திரமாகத்தான் இருந்தேன்.

அந்த மாதத்தின் பெயரையே துணைத்தலைப்பாக இட்டு லிஸ்ட் எழுதியது 'இறுதிச்சடங்கு' என்னும் பியானோ இசை. மிகக் கீழ்க்கட்டைகளில் சாமணி அடிப்பதுபோலத் தொடங்கும். பிறகு சவ ஊர்வலத்தின் நடை. நடுவிலே ஒரு மெல்லிய அழுகை, அதையடுத்து இடது கையில் குதிரைகள் பாய்வதுபோன்ற ஓட்டம். முடிவு சட்டென்று அறுந்துவிடும். யாருக்காக என்று அவர் பெயர் குறிக்கவில்லை. ஷோபனுக்கென்று சிலரும் ஹங்கேரியத் தியாகிகளுக்கென்று பலரும் சொல்வர். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1853இல் இதை வெளியிட்டபோது, கர்த்தர் கற்பித்த செபமும் அருள்நிறை மந்திரமும் அடங்கிய அதே பியானோத் தொகுதிக்குள்ளேதான் சேர்த்தார்.

சாவு அவரை விடவில்லை. 1859இல் மகன் டானியல், 1862இல் மூத்த மகள் பிளான்டின். மகள் இறந்த ஆண்டில், பாஹ்கின் அழுகைப் பாடலொன்றை எடுத்துப் பியானோவில் விரித்தவர், இறைவன் செய்வது நன்றே என்னும் கீதத்தில் கொண்டுவந்து முடித்தார். 1865இல் உரோமையில் குருத்துவத்தின் சிறு பட்டங்களைப் பெற்றார். 1883இல் மருமகனும் நண்பருமான வாக்னர் இறந்தபோது, அவரது 70ஆவது பிறந்தநாளன்று கல்லறைக்கென ஒரு சிறிய இசை எழுதினார்.

1886 ஜூலை 31இல், பைறொய்ட் நகரில், நியூமோனியாவினால் லிஸ்ட் காலமானார். 1879இல் அவர் எழுதி முடித்த சிலுவைப்பாதை இசையைப் பதிப்பாளர் அச்சிட மறுத்திருந்தார். அது முதன்முதலில் அரங்கேறியது 1929 பெரிய வெள்ளியன்று, புடாபெஸ்டில். பாடகர் இல்லாமல் பியானோவில் மட்டும் வாசிக்கவும் அதை எழுதிவைத்திருக்கிறார். சில பக்கங்கள் என் விரல்களுக்கும் எட்டுமளவு எளியவை. தவக்கால வெள்ளிகளில், ஆஸ்பத்திரியால் வந்தபின், அந்த இருவருக்காகவும் 12ஆம் நிலையை வாசிப்பேன்.