பங்குச்சந்தையிலிருந்து நாடக மேடைக்கு

எண்பது நாட்களில் உலகைச் சுற்றும் கதையை நம்மில் பலர் பள்ளி வயதில் படித்திருப்போம். அதை எழுதிய ஜூல்ஸ் வெர்ன் முதலில் ஆசைப்பட்டது நாவல் எழுத அல்ல, நாடகம் எழுதத்தான்.

1828 பிப்ரவரி 8 அன்று பிரான்சின் நான்ட் நகரில் பிறந்தார். அப்பா வக்கீல். மகனும் தன் தொழிலுக்கே வரவேண்டும் என்று பாரிசுக்குச் சட்டம் படிக்க அனுப்பினார். மகன் படிப்பையும் முடித்தார், நாடகமும் எழுதினார். 1850-ல் அலெக்சாண்டர் டூமாவின் அரங்கில் அவருடைய சிறு நாடகம் மேடையேறியது. அப்பா தன் தொழிலையே கொடுக்க முன்வந்தும் மறுத்துவிட்டார்.

ஆனால் நாடகத்தில் வருமானம் இல்லை. 1857-ல், இரண்டு பெண் குழந்தைகள் இருந்த ஒரு விதவையை மணந்தார். குடும்பம் நடக்கவேண்டுமே! அப்பாவிடம் பணம் வாங்கிப் பங்குச்சந்தையில் சேர்ந்தார். விடியற்காலையில் எழுத்து, பகலில் வியாபாரம். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜர் பார்த்த எனக்கு இந்த இடம் நன்றாகவே புரிகிறது.

1863-ல் பலூன் பயண நாவல் வெற்றி பெற்றது. சந்தை வேலையை விட்டார். 1872-ல் எண்பது நாள் கதை பாரிஸ் நாளிதழில் தொடராக வந்தது. அதை நாடகமாக்குவது சுலபமல்ல. கதையில் கப்பல், ரயில், நம் நாட்டு யானை எல்லாம் உண்டு. மேடையிலோ ஒரே இரவில் உலகத்தைச் சுற்றி முடிக்கவேண்டும். மேடை அனுபவம் மிக்க தென்னரி என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். நாவலில் இல்லாத பாத்திரங்களும் பாம்புக் குகைக் காட்சியும் புதிதாகச் சேர்ந்தன. நிஜ யானையே மேடையேறியது!

1874 நவம்பர் 7 அன்று பாரிசின் போர்த் சேன் மார்த்தேன் அரங்கில் தொடங்கிய நாடகம், தொடர்ந்து 415 முறை நடந்தது. பின்னர் ஷாத்லே அரங்கிலும் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப நடந்தது. இருபது வயதில் கண்ட கனவு, நாற்பத்தாறு வயதில்தான் பலித்தது. பார்க்க அப்பா இல்லை, 1871-லேயே காலமாகிவிட்டார்.

பிற்காலத்தில் ஆமியேன் நகரசபை உறுப்பினராகி, அவ்வூர் நாடக அரங்கின் காரியங்களைக் கவனித்தார். 1905 மார்ச் 24 அன்று மறைந்தார்.

அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வக்கீலாகச் சொன்னவரும் அவர்தான், மகன் கேட்காதபோதும் பணம் கொடுத்தவரும் அவர்தான். நம் குடியிருப்பிலும் பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகள் பல. இந்த விடுமுறையில் அவர்களோடு உட்கார்ந்து இந்த நாவலை ஒருமுறை படியுங்களேன்.