யாருடைய ரசனையை நம்பலாம்? திருத்திய திருக்குறளைக் கொளுத்திய பாண்டித்துரைத் தேவரின் கதை

ஒரு படத்துக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி விமர்சனம் பாக்குறோம். ஹோட்டலுக்குப் போறதுக்கு முன்னாடி எத்தனை ஸ்டார்னு பாக்குறோம். வெளிநாடுகளில் ஒயின் பாட்டிலுக்குக்கூட நூற்றுக்கு இத்தனை மார்க் என்று போடும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த மார்க்கைப் போடுகிறவரை நம்பலாமா, அவருக்கு உண்மையிலேயே விஷயம் தெரியுமா, காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறாரா என்ற சந்தேகம் மட்டும் போவதில்லை.

இந்தக் கேள்வி புதுசு இல்லை. 120 வருடங்களுக்கு முன்பு தமிழ்ப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. எந்தப் பதிப்பு சரி, எது பிழை, எந்தப் புலவரின் பேச்சை நம்புவது என்று தெரியாமல் திண்டாடிய காலம் அது. அதற்கு வழி தேடிய ஒருவர் அருப்புக்கோட்டைப் பக்கத்து ஜமீன்தார். பெயர் பாண்டித்துரைத் தேவர்.

யார் இந்த பாண்டித்துரைத் தேவர்?

மானாமதுரையில் விருதுநகர் ரயில் ஏறினால் நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று ஸ்டேஷன்கள் வரும். மழை பெய்தால்தான் கண்மாய் நிறையும், கண்மாய் நிறைந்தால்தான் விளைச்சல் என்கிற வானம் பார்த்த பூமி. நரிக்குடி என்றதும் மருது சகோதரர்கள் பிறந்த மண் என்பார்கள். திருச்சுழி என்றதும் ரமண மகரிஷி பிறந்த ஊர் என்பார்கள். அருப்புக்கோட்டையில் இருந்து விருதுநகர் போகும் சாலையில் இருக்கிறது பாலவநத்தம். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் பாண்டித்துரைத் தேவர் நினைவுக்கு வர வேண்டும். ஆனால் இன்றைக்குப் பலருக்கு வருவதில்லை.

பாண்டித்துரைத் தேவர் பிறந்தது 1867 மார்ச் 21. இயற்பெயர் உக்கிரபாண்டியன். தந்தை பொன்னுசாமித் தேவர், ராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்தவர். விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணை நின்ற பாஸ்கர சேதுபதி, பாண்டித்துரைக்குச் சித்தப்பா மகன்.

புத்தகம் அச்சிட உதவும் பழக்கம் அந்த வீட்டில் முன்பே இருந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பழைய நூல்களைப் பிழை நீக்கிப் பதிப்பித்தபோது, அவருக்கு ஆதரவாக இருந்தவர்களில் பொன்னுசாமித் தேவரும் ஒருவர். பாண்டித்துரை சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். பையனுக்குத் தமிழுக்கு ஓர் ஆசிரியர், ஆங்கிலத்துக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்துப் படிக்க வைத்தார்கள். 17 வயதில் பாலவநத்தம் ஜமீன் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

ஜமீன்தார் விமர்சகரானது எப்படி?

அந்தக் காலத்து ஜமீன்தார்களைப் பாட்டுப் பாடிப் புகழ்வதும், பரிசில் வாங்குவதும் சகஜம். புலவருக்கும் வயிறு இருக்கிறது. காசு கொடுப்பவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் ஜமீன்தாருக்கு எது நல்ல பாட்டு, எது கெட்ட பாட்டு என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. எல்லாரும் ஆமாம் சாமி போடுவார்கள்.

பாண்டித்துரைத் தேவரிடம் இருந்த வித்தியாசம், அவரே உட்கார்ந்து படித்தவர். ராமநாதபுரத்தில் அவருடைய சோமசுந்தர விலாசம் மாளிகையில் புலவர்கள் கூடுவார்கள், நூல்களைப் படித்துப் பேசுவார்கள். தேவர் அந்தப் பேச்சில் தானும் கலந்துகொள்ளும் அளவுக்குத் தமிழ் கற்றவர். கவிதையும் எழுதினார்.

அவருடைய ரசனை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள, அவர் தொகுத்த பன்னூற்றிரட்டு என்ற நூலைப் பார்த்தாலே போதும். பல பழைய நூல்களில் இருந்து பாடல்களைத் தேர்ந்தெடுத்து, பொருள்வாரியாக அடுக்கிய தொகுப்பு அது. சைவப் பாடல்களுக்கு சைவ மஞ்சரி என்று தனியாக ஒரு தொகுப்பும் செய்தார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாட்டு அருமை என்று வெறுமனே சொல்கிறவரைச் சோதிக்க முடியாது. பாட்டையே எடுத்து முன்னால் வைப்பவரைச் சோதிக்கலாம். நாலு பாட்டைப் படித்துப் பார்த்தால் அவருக்கு ருசி தெரியுமா, தெரியாதா என்று நமக்கே விளங்கிவிடும். தொகுப்பு நூல் என்பது ஒரு வகையில் தொகுத்தவர் தன்னைத்தானே பரீட்சைக்கு உட்படுத்திக்கொள்வதுதான்.

பணம் எங்கே போனது?

ஒருவர் எதை உயர்வாக நினைக்கிறார் என்று அறிய, அவர் எதற்குச் செலவு செய்கிறார் என்று பார்க்கலாம். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏட்டுச் சுவடி தேடி அலைந்த காலம் அது. சீவக சிந்தாமணி 1887-லும், சிலப்பதிகாரம் 1892-லும் அச்சில் வந்திருந்தன. அடுத்து 1895-ல் புறப்பொருள் வெண்பாமாலையும், 1898-ல் மணிமேகலையும் வந்தன. இந்த இரண்டு பதிப்புகளுக்கும் பொருளுதவி செய்தவர் பாண்டித்துரைத் தேவர்.

இதில் மணிமேகலை பௌத்தக் காப்பியம். பண உதவி செய்தவரோ சைவப் பாடல்களுக்குத் தனித் தொகுப்பு போட்ட சைவர். தன் சமயத்து நூல் இல்லை என்பதற்காக அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. நூல் நல்ல நூலா, பதிப்பிப்பவர் திறமைசாலியா என்று மட்டும் பார்த்தார். ஒரு விமர்சகரை நம்புவதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு உதாரணம் அபிதான சிந்தாமணி. சென்னை பச்சையப்பன் பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்த ஆ.சிங்காரவேலு முதலியார், பல வருடங்கள் தனியாளாக உழைத்து ஒரு கலைக்களஞ்சியம் எழுதி முடித்திருந்தார். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் வேலை. அச்சிட உதவி கேட்டுப் பார்த்தும் ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தக் கையெழுத்துப் பிரதியின் மதிப்பைப் புரிந்துகொண்டவர் பாண்டித்துரைத் தேவர்தான். 1910-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக அந்த நூல் வெளிவந்தது. இன்றைக்கும் புராணப் பெயர், இலக்கியப் பெயர் தேடுகிறவர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

ஏற்கெனவே புகழ் பெற்றவரைப் பாராட்டுவது சுலபம். பெயர் தெரியாத ஒரு வாத்தியாரின் கட்டுக் கட்டான காகிதத்தைப் படித்துப் பார்த்து, இது நிற்கும் என்று சொல்ல தனித் தெம்பு வேண்டும்.

திருக்குறளைக் கொளுத்தியது ஏன்?

பாண்டித்துரைத் தேவர் என்றாலே சொல்லப்படும் சம்பவம் இது. மதுரையில் இருந்த ஸ்காட் என்ற ஆங்கிலேயர் தமிழ் கற்றவர். திருக்குறளில் எதுகை மோனை சரியாக அமையவில்லை என்று தனக்குத் தோன்றிய இடங்களில் எல்லாம் சொற்களை மாற்றி, திருத்திய பதிப்பாக அச்சிட்டார். அதைக் கேள்விப்பட்ட தேவர், இருந்த பிரதிகளை எல்லாம் விலை கொடுத்து வாங்கினார். வாங்கிய கையோடு தீ வைத்துக் கொளுத்திவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

கேட்பதற்கு வீரக் கதை மாதிரி இருக்கும். தமிழ்நாட்டு மேடைகளில் கைதட்டல் வாங்கும் கதையும்கூட. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் சங்கடமாகவும் இருக்கிறது. புத்தகம் பிடிக்கவில்லை என்றால் கொளுத்தலாமா? கையில் பணம் இருப்பவருக்குப் பிடிக்காத புத்தகம் ஊரில் யாருக்குமே கிடைக்காது என்றால், அதற்குப் பெயர் விமர்சனமா?

தேவர் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. ஏட்டுச் சுவடிகளில் ஒரே பாட்டு இரண்டு மூன்று விதமாக இருப்பது இயல்பு. அதைப் பாடபேதம் என்பார்கள். உ.வே.சா போன்ற பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை ஒப்பிட்டு, வேறுபாடுகளை அடிக்குறிப்பாகக் கொடுத்தார்கள். ஸ்காட் செய்தது அது இல்லை. எந்தச் சுவடியிலும் இல்லாத சொல்லைத் தானே போட்டார். ஒரு குறள் பிரதி கிடைப்பதே பாடாக இருந்த காலத்தில், முதல்முறையாகக் குறளைக் கையில் எடுக்கும் மாணவர் அதையே வள்ளுவர் சொல் என்று மனப்பாடம் செய்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது.

ஆனாலும் எரிந்துபோன புத்தகத்தை யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. எங்கெங்கே மாற்றினார், ஏன் அது தப்பு என்று வாசகர் தானாகத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் சேர்ந்தே எரிந்தது.

மதுரைத் தமிழ்ச் சங்கம் எதற்காக?

கொளுத்தியதோடு அவர் கதை நின்றிருந்தால் இந்தக் கட்டுரை தேவைப்பட்டிருக்காது. 1901-ல் அவர் செய்த காரியம்தான் பெரியது.

ஒருமுறை சொற்பொழிவுக்காக மதுரை வந்த தேவர், கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டும் என்று கேட்டாராம். சங்கம் வளர்த்த ஊரில் தேடியும் பிரதி கிடைக்கவில்லையாம். அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் புதிய தமிழ்ச் சங்கம் என்பார்கள். 1901 செப்டம்பர் 14 அன்று மதுரைத் தமிழ்ச் சங்கம் தொடங்கப்பட்டது. பழைய மூன்று சங்கங்களுக்கு அடுத்தது என்பதால் நான்காம் தமிழ்ச் சங்கம் என்ற பெயரும் நிலைத்தது. பாஸ்கர சேதுபதியும் துணை நின்றார்.

சங்கத்தின் வேலைகளைப் பிரித்துப் பார்த்தால், தேவர் எதைச் சரிசெய்ய நினைத்தார் என்று புரியும்.

முதலாவது, பாண்டியன் புத்தகசாலை. அச்சு நூலும் சுவடியும் ஒரே இடத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் மூலத்தையே எடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, செந்தமிழ் இதழ். 1902-ல் தொடங்கிய இதற்கு முதலில் ரா.இராகவையங்காரும் பிறகு மு.இராகவையங்காரும் ஆசிரியர்களாக இருந்தார்கள். ஒரு நூலின் காலம் எது, ஒரு சொல்லுக்குப் பொருள் எது என்று புலவர்கள் இதில் எழுதினார்கள். மறுப்பவரும் எழுத்தில் மறுக்க முடிந்தது. மு.இராகவையங்கார் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணியிலும் முக்கியப் பங்கு வகித்தார்.

மூன்றாவது, தேர்வு. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று நிலைகள். அதுவரை ஒருவர் பெரிய புலவர் என்பதற்குச் சாட்சி, ஏதாவது ஒரு ஜமீன்தாரின் தலையசைப்புதான். தேர்வு வந்த பிறகு, தாளில் என்ன எழுதினார் என்பது சாட்சி ஆனது.

இதைச் செய்தவரும் ஒரு ஜமீன்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. தன் தலையசைப்புக்கு இருந்த மதிப்பைத் தானே குறைத்துக்கொண்டு, அதை நூலகத்துக்கும் இதழுக்கும் தேர்வுக்கும் பிரித்துக் கொடுத்தார். புத்தகத்தைக் கொளுத்திய அதே ஆள், மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க இடமும் கட்டிக்கொடுத்தார். தீ வைத்த கதையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். நூலகம் கட்டிய கதையை மறந்துவிட்டோம்.

கடைசிக் காலம்

தமிழோடு அவர் நின்றுவிடவில்லை. வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, அதன் தலைவராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர். ஒரு லட்சம் ரூபாய் அளவுக்கு முதலீடும் செய்தார். அன்றைக்கு அது கொஞ்சநஞ்சப் பணம் இல்லை. கம்பெனி பிரிட்டிஷ் அரசின் நெருக்கடியில் நொடித்தது எல்லாருக்கும் தெரிந்த கதை.

1911 டிசம்பர் 2 அன்று பாண்டித்துரைத் தேவர் காலமானார். வயது 44 தான். அபிதான சிந்தாமணி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

படமோ, புத்தகமோ, பாட்டோ, சாப்பாடோ, யாருடைய பேச்சை நம்புவது என்று குழப்பம் வரும்போது பாண்டித்துரைத் தேவரின் வாழ்க்கையில் இருந்து நாலு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, அவர் மூலத்தைக் காட்டுகிறாரா? சூப்பர், மொக்கை என்று மட்டும் சொல்கிறாரா, இல்லை எந்த இடம் நன்றாக இருக்கிறது என்று எடுத்து வைக்கிறாரா?

இரண்டு, தன் சாதி, சமயம், நட்பு வட்டத்துக்கு வெளியே இருப்பதையும் பாராட்டியிருக்கிறாரா?

மூன்று, யாரும் கண்டுகொள்ளாத ஒன்றை முதலில் அடையாளம் காட்டியிருக்கிறாரா? எல்லாரும் பாராட்டிய பிறகு கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டுகிறாரா?

நான்கு, மறுத்துப் பேச இடம் கொடுக்கிறாரா?

இதற்குச் சின்னதாக ஒரு சோதனையும் உண்டு. நீங்கள் ஏற்கெனவே பார்த்து, நன்றாகத் தெரிந்துகொண்ட ஒரு படத்தைப் பற்றி அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று தேடிப் படியுங்கள். உங்கள் கருத்தும் அவர் கருத்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. அவர் சொன்ன காரணம் அந்தப் படத்தில் நிஜமாகவே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், பார்க்காத படத்துக்கும் அவர் பேச்சைக் கேட்கலாம்.

நாலு கேள்விக்கும் பாண்டித்துரைத் தேவர் முழு மார்க் வாங்குவாரா என்றால், நான்காவதில் ஸ்காட் புத்தகம் இடிக்கும். ஆனால் அவரையே சோதித்துப் பார்க்கத் தேவையான புத்தகசாலையையும் இதழையும் அவரேதான் விட்டுவிட்டுப் போனார். மதுரையில் தமிழ்ச் சங்கம் சாலை என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். அந்தச் சங்கம் இன்னமும் அங்கேதான் இருக்கிறது.