குரலைக் கண்ணாற் கண்ட கார்சியா

சென்ற கோடை விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்தபோது, எம் தாய்மாமனார் வாய் திறவாதிருக்கக் கண்டு வியப்புற்றோம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்டதோர் சிற்றூரில் ஞாயிறுதோறும் ஆலயத்திற் கீர்த்தனைகளை எடுத்துக் கொடுத்துப் பாடுபவர் அவரே. அத்தகையவர்க்கு இரண்டு திங்களாகக் குரல் கம்மிப்போயிருந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் எழுப்பும் புழுதியால் வந்ததென்றார் சிலர். மாசிப் பனியில் விடியுமுன் பாடியதன் பயனென்றார் சிலர். சித்தரத்தை, அதிமதுரம், மிளகு, பனங்கற்கண்டு ஆகிய யாவும் முறையே உட்கொண்டாயிற்று, குணமில்லை. ஆயினும் மாமா அஞ்சியது புழுதிக்கும் பனிக்கும் அன்று. புகையிலை போடும் வழக்கமுடைய அவர்தம் தோழர் ஒருவர், இவ்வாறே குரல் கம்மி, ஓராண்டு வாளாவிருந்து, பின்னரே அது புற்றுநோயென அறிந்து மாண்டவர். மாமா இதனை ஒருவரிடமும் சொல்லவில்லை. அத்தை தாமே உணர்ந்துகொண்டார்.

எம் பாட்டனார் காலத்தில் தொண்டைக்கு வைத்தியம் என்றால் எம்மூரார் திருச்சிராப்பள்ளிக்கோ தஞ்சைக்கோ செல்வர். இன்றோ அரியலூரிலேயே 2022-இல் அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. பெரம்பலூரிலும் பெரிய மருத்துவமனைகள் உள. அத்தையின் வற்புறுத்தலால் மாமாவை அரியலூருக்கு அழைத்துச் செல்லும் கடன் எமக்காயிற்று. ஆங்கு காது மூக்கு தொண்டை வைத்தியர் ஒருவர், நெற்றியில் வட்டக் கண்ணாடியொன்றைக் கட்டிக்கொண்டு மாமாவின் எதிரே அமர்ந்தார். அவர் நாவைத் துணியாற் பற்றி முன்னே இழுத்தார். நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியொன்றை விளக்கிற் காட்டி வெதுவெதுப்பாக்கி, உள்நாக்கின் மேற் சார்த்தி, ஈகாரத்தை ஒலிக்கச் சொன்னார். மாமா இருமுறை குமட்டினார். மூன்றாம் முறை ஒலித்தார். அவ்வளவே. குரல் நாண்களின் ஓரத்தில் எதிரெதிராக இரு சிறு காய்ப்புகள் உள; அவை ஓயாது உரக்கப் பாடுவார்க்கு வருவன; புற்றுநோயன்று; சில வாரம் பேச்சை அடக்கி, பின்னர்க் குரலை முறையாகப் பயன்படுத்தக் கற்கவேண்டும் என்பதே வைத்தியர் கண்ட முடிபு.

இரண்டு திங்கள் அச்சத்தை ஒரு கணத்தில் தீர்த்த அச் சிறு கண்ணாடியை முதலில் தொண்டையுள் வைத்துப் பார்த்த வைத்தியர் யாரென, வீடு திரும்பிய மாமா ஒரு தாளில் எழுதி எம்மைக் கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. கல்லூரி திரும்பியபின் நூல்நிலையத்தில் தேடிக் கண்டதை ஈண்டு எழுதுகின்றோம். குரல் எழும் இடத்தைக் கண்ணாடியிற் கண்டு உலகிற்கு உரைத்தவர் வைத்தியரே அல்லர், பாட்டு வாத்தியார். மனுவேல் கார்சியா என்பது அவர் பெயர்.

கார்சியா 1805-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள் ஸ்பெயின் தேசத்திற் பிறந்தார். அவர் தந்தையும் அதே பெயருடையார். ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்ற பாடகர். ரொசினி என்னும் இசைப்புலவர் தம் இசைநாடகம் ஒன்றில் தலைவன் பாகத்தை அத்தந்தையின் குரலுக்கென்றே அமைத்தனர். தங்கையர் இருவரும் பின்னாளிற் பெரும் பாடகியராயினர். குடும்பமே ஒரு நாடகக் குழுவாய்க் கப்பலேறி அமெரிக்கா சென்று, 1825 நவம்பரில் நியூயார்க்கு நகரில் இத்தாலிய இசைநாடகம் ஆடிற்று. அதில் இருபது வயதினரான நம் கார்சியாவும் பாடினார். ஆனால் தந்தை கண்டிப்பு மிக்கவர். மகன் குரலோ முற்றாத இளங்குரல். தாங்கலாகாத பாரத்தை அதன்மேல் ஏற்றியதால் அது கெட்டது. அவர் விரைவில் மேடையை விட்டு நீங்கினார். பாடுங்குடியிற் பிறந்து, இருபத்தைந்து வயது நிரம்புமுன் குரலிழந்தவன் மனநிலை எத்தகையதென எம் மாமாவின் முகத்தை நோக்கிய பின்னரே ஒருவாறு உணர்ந்தோம்.

1830-இல் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் மீது சென்றபோது கார்சியாவும் அதனுடன் சென்றார். திரும்பியபின் பாரிஸில் இராணுவ மருத்துவமனைகளிற் பணியேற்று, உடற்கூற்று நூலைக் கற்றார். பாட்டுக்காரனுக்கு இஃதென்ன வேலை எனச் சிலர் நகைத்திருத்தல் கூடும். தம் குரலுக்கு நேர்ந்தது யாதென அறியவேண்டும் என்பதே அவர் வேட்கையாயிருந்தது என எமக்குத் தோன்றுகிறது. கோழி, ஆடு, மாடு இவற்றின் மூச்சுக்குழல்களை இறைச்சிக் கடையினின்று வாங்கி வந்து, துருத்தியாற் காற்றூதி ஒலியெழுப்பிப் பார்ப்பாராம். வீட்டார் அதனை எங்ஙனம் பொறுத்தனரோ அறியோம். இளைய தங்கை துருத்தி எடுத்துக் கொடுத்து உதவினாள் என்பர்.

பின்னர் அவர் பாட்டாசிரியராகிப் பெரும்பெயர் பெற்றார். 1841-இல் சுவீடன் தேசத்து ஜென்னி லிண்டு என்னும் இளம் பாடகி, மிகுதியாகப் பாடிக் குரல் நைந்தவளாய் அவரை நாடி வந்தாள். கார்சியா உடனே பாடம் தொடங்கினாரல்லர். ஆறு வாரம் பாடலாகாது, பேச்சையும் இயன்றவரை குறைத்தல்வேண்டும் எனக் கட்டளையிட்டு அனுப்பினார். அவள் அவ்வாறே இருந்து திரும்பி, ஏறக்குறையப் பத்துத் திங்கள் அவரிடம் பயின்று, பின்னாளில் ஐரோப்பா முழுதும் போற்றும் பாடகியானாள். அரியலூர் வைத்தியர் மாமாவுக்கு இட்ட கட்டளையும் இதுவே என்பதை நோக்குக. தம் குரலை அங்ஙனம் காப்பாரின்றி இழந்தவர், பிறர் குரலைக் காக்க அறிந்திருந்தார்.

கார்சியா 1848-இல் இலண்டன் சென்று, அந்நகரத்து அரச இசைக் கழகத்தில் 1895 வரை ஆசிரியராயிருந்தார். ஆயினும் உயிருள்ள மனிதன் பாடுகையிற் குரல்வளை எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காணும் வேட்கை அவரை விட்டிலது. செத்த குழல் அதனைக் காட்டாது. 1854 செப்டம்பரில் அவர் பாரிஸ் வந்திருந்தார். ஒருநாள் அரண்மனை முற்றம் ஒன்றில் உலாவுகையிற் சாளரக் கண்ணாடிகளில் வெயில் பட்டுத் தெறித்தது. அப்பொழுதே, ஒளியை ஒரு கண்ணாடியால் உள்ளே திருப்பி, மற்றொரு கண்ணாடியால் உள்ளிருப்பதைக் காணலாமே என்னும் எண்ணம் பிறந்தது. நேரே கருவிக் கடைக்கு ஓடினார். பல் வைத்தியர்க்கெனச் செய்து விலைபோகாது கிடந்த நீண்ட காம்புள்ள சிறு கண்ணாடி ஒன்று ஆறு பிராங்கு விலைக்குக் கிடைத்தது. வீட்டிற்கு வந்து, அதனை வெந்நீரில் தோய்த்துத் துடைத்து, உள்நாக்கின்மேற் சார்த்தி, கைக்கண்ணாடியால் வெயிலை அதன்மேல் வீழ்த்தினார். குரல்வளை முழுதும் திறந்து தோன்றிற்று. அதன் கீழ் மூச்சுக்குழலின் ஒரு பகுதியும் தெரிந்தது. வெந்நீரில் தோய்த்தது மூச்சின் ஆவி படிந்து மங்காதிருத்தற்பொருட்டு. அரியலூரில் விளக்கிற் காட்டியதும் அதற்கே. எம் மாமாவைப்போல் அவர் குமட்டவில்லை. அவர் தொண்டை அதனை எளிதிற் பொறுத்தது. பொறாத தொண்டையாயின் அன்று அக்கண்ணாடி மீண்டும் கடைக்கே போயிருக்கும்!

அவர் கண்டதென்ன? குரல்வளையுள் முன்னொட்டிப் பின் விரியும் இரு மடிப்புகள் உள. மூச்சு விடுகையில் அவை அகன்று நிற்கும். ஒலிக்கையில் ஒன்றையொன்று நெருங்கும். கீழிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்க, அவை மீண்டும் மூட, இங்ஙனம் சிறு சிறு காற்றுத் துணுக்குகள் அடுத்தடுத்து வெளிப்படுவதே குரல். ஆடவர் பேசுகையில் இது வினாடிக்கு 100 முறைக்கு மேலும், பெண்டிர் பேசுகையில் ஏறத்தாழ 200 முறையும் நிகழும். மாமாவுக்கு இருந்ததுபோன்ற காய்ப்பு ஓரத்தில் இருப்பின், மடிப்புகள் முற்றும் பொருந்தா, காற்று ஒழுகும், குரல் கம்மும். இன்னுமொன்று: இடப்பக்க மடிப்பை இயக்கும் நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருநாடியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கழுத்துக்கு ஏறுகிறது. ஆகவே நெஞ்சில் உண்டாகும் நோயும் குரலிற் தோன்றலாம். மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் கம்மலை வைத்தியர் கண்ணாற் பார்த்தே தீரவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

1855-இல் இலண்டன் இராயல் சங்கத்திற் கார்சியாவின் கட்டுரை படிக்கப்பெற்றது. வைத்திய உலகம் பெரிதும் பொருட்படுத்தவில்லை. உண்மை கூறின், பாபிங்டன் என்னும் ஆங்கில வைத்தியர் 1829-இலேயே இத்தகைய கருவி ஒன்று செய்திருந்தார், அதுவும் பரவவில்லை. 1857-இல் வியன்னாவில் டுர்க் என்பார் நோயாளிகளிடம் கண்ணாடியைப் பயன்படுத்தினார். குளிர்காலத்தில் வெயில் மங்கவே நிறுத்தினார். பெரம்பலூர் வெயிலில் வாழ்வார்க்கு இது விந்தையாகவே தோன்றும். செர்மாக் என்னும் பேராசிரியர் அக்கண்ணாடிகளை இரவல் வாங்கி, குழிக் கண்ணாடியால் விளக்கொளியைத் திருப்பி, வெயிலின் துணையை வேண்டாதாக்கினார். ஊர்தோறும் சென்று காட்டினார். முதன்மை யாருக்கென இவ்விருவரும் கடும்போர் புரிந்தனர். கார்சியா அதிற் புகவில்லை. இலண்டனில் ஏழிசை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

காது, மூக்கு, தொண்டை மூன்றையும் ஒரே வைத்தியர் பார்ப்பானேன் என முன்னெல்லாம் எமக்கு ஐயமுண்டு. மூக்கின் பின்புறத்தினின்று நடுச்செவிக்கு ஒரு நுண்குழல் செல்கிறது. சளி பிடித்தாற் காதடைப்பது அதனால் என அரியலூர் வைத்தியர் விளக்கினார். வரலாற்றைப் படித்தபின் மற்றொரு காரணமும் புலனாயிற்று. மூன்றும் இருண்ட பொந்துகள். வெளியொளி திருப்பப்பட்டாலன்றிக் காட்சி இல்லை. அதே 1855-இல் டிரோல்ச் என்னும் ஜெர்மானியர், நடுவில் துளையுள்ள குழிக் கண்ணாடியாற் செவிப்பறையைக் கண்டு காட்டினார். செர்மாக் சிறு கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பி மூக்கின் பின்புறத்தைக் கண்டார். இலண்டனில் மாரல் மெக்கன்சி 1863-இல் தொண்டை நோய்க்கென்றே மருத்துவமனை நிறுவினார். இன்று மூக்கின் வழியே மெல்லிய வளையுங்குழலைச் செலுத்தித் திரையிற் பார்க்கின்றனர்; சில இடங்களிற் பழங்கண்ணாடியும் உதவுகிறது.

கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1862-இல் அப்பாட்டு வாத்தியாருக்கு மதிப்பியல் வைத்தியப் பட்டம் அளித்தது. 1905 மார்ச்சு 17-இல் அவருக்கு நூறு ஆண்டு நிறைந்தது. அன்று ஏழாம் எட்வர்டு மன்னர் அவரை அரண்மனைக்கு அழைத்துச் சிறப்புச் செய்தார். ஸ்பெயின், ஜெர்மனி அரசர்களின் விருதுகளும் வந்தன. பல தேசத்துத் தொண்டை வைத்தியர்கள் திரண்டு வந்து வாழ்த்தினர். 1906 ஜூலை 1-இல், தம் நூற்றோராம் வயதில், அவர் காலமானார்.

இவற்றையெல்லாம் மாமாவுக்குக் கடிதமாக எழுதினோம். ஆறு வாரம் கழித்து இரண்டாம் முறை கண்ணாடி வைத்துப் பார்த்ததிற் காய்ப்புகள் சுருங்கியிருந்தன என்று அத்தை மறுமொழி எழுதினார். அதற்கடுத்த ஞாயிறு மாமா ஆலயத்திற் பாடினாராம். கீழ்ச் சுருதியில், ஒரே ஒரு கீர்த்தனை.