வளையத்தை அறிந்து சொன்ன ஹைகன்ஸ்

சனிக்கிழமைதோறும் தமிழ் பயில வரும் எம் மாணவச் செல்வங்கள், அக்கிழமைக்குப் பெயர் தந்த கோளை இணையத்தில் தேடினால் முதலில் எதிர்ப்படுவன வண்ணப் படங்களே. அவற்றைக் கண்டவுடன் சனிக்கு வளையம் உண்டென்பது நமக்கு விளங்கிவிடுகின்றது. ஆனால், தொலைநோக்கி அக்கோளை நோக்கித் திரும்பிய பின்னரும் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் அது வளையமென எவரும் அறிந்திலர். அறிந்து சொன்னவர் ஒல்லாந்து நாட்டவரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ்.

1629 ஏப்ரல் 14ஆம் நாள் ஹேக் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் புகழ் பெற்ற கவிஞர். அரசுப் பணியிலும் உயர்ந்தவர். மகன் லைடன் பல்கலைக்கழகத்தில் சட்டமும் கணிதமும் பயின்றார். எனினும் அவர் உள்ளம் கணிதத்தையே நாடியது. தமையனாருடன் சேர்ந்து வில்லைகளைத் தம் கையாலேயே தேய்த்துத் தொலைநோக்கி அமைத்தார். அதன்வழி 1655 மார்ச் 25ஆம் நாள் சனியின் துணைக்கோள் ஒன்றைக் கண்டார். இன்று நாம் டைட்டன் என்றழைப்பது அதனையே.

அப்போது சனியின் வடிவம் ஒரு புதிராக இருந்தது. 1610இல் கலிலியோ அதன் இருபுறமும் இரு சிறு கோள்கள் ஒட்டி நிற்பதாகக் கண்டார். 1612இல் அவை மறைந்துபோயின. பின்னர் வந்தோர் கைப்பிடிகள் போன்றவற்றை வரைந்தனர். ஹைகன்ஸ் நோக்கிய காலத்திலும் அவை மெலிந்து மறைந்துகொண்டிருந்தன. எமக்கு வியப்பளிப்பது இதுவே: வளையம் கண்ணுக்குப் புலப்படாத வேளையில்தான் அவர் அதனை உய்த்துணர்ந்தார். மெல்லிய தட்டையான வளையமொன்று கோளைத் தொடாமல் சூழ்ந்து சாய்ந்து நிற்குமாயின், பக்கவாட்டில் நோக்கும்போது மறையும். சாய்வு மாற மாற விரியும். அனைவரின் படங்களும் ஒரே பொருளின் பல தோற்றங்களாயின.

பிறர் முந்திக்கொள்ளாதிருக்க, 1656இல் தம் முடிவின் எழுத்துக்களைக் கலைத்து அகரவரிசைப்படுத்தி வெளியிட்டார். விளக்கத்தை 1659இல் நூலாக்கினார். எதிர்ப்பும் எழுந்தது. 1660இல் புளோரன்ஸ் நகர அறிவியற் கழகத்தார், அவர் கருத்துக்கும் எதிர்த்தோர் கருத்துக்கும் மாதிரிகள் செய்து, தொலைவில் நிறுத்தி விளக்கொளியில் நோக்கினர். இவ்வழக்கை அறியாத எளியோரையும் அழைத்துக் கண்டவாறு வரையச் செய்தனர். ஹைகன்ஸின் மாதிரியே வானில் கண்ட தோற்றங்களுக்குப் பொருந்தியது.

ஊசற் கடிகாரத்தை உருவாக்கியவரும் இவரே. 1666 முதல் பாரிஸ் அறிவியற் கழகத்தில் பணியாற்றினார். நோய் பலமுறை வருத்த, 1681இல் ஹேக் நகருக்கு மீண்டார். ஒளி அலையாகப் பரவுகின்றது என்னும் அவரது நூல் 1690இல் வெளிவந்தது. 1695 சூலை 8ஆம் நாள் மறைந்தார்.

வளையம் ஒரே திண்பொருள் என அவர் எண்ணியது மட்டும் பொருந்தவில்லை. அது எண்ணிறந்த துண்டுகளின் திரளாகவே இருத்தல் வேண்டுமென 1859இல் மாக்ஸ்வெல் கணக்கிட்டுக் காட்டினார். 2005 சனவரி 14ஆம் நாள் டைட்டனில் இறங்கிய ஆய்கலம் ஹைகன்ஸ் பெயரையே தாங்கியிருந்தது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். 2017இல் வளையம் நன்கு விரிந்து தோன்றியது; 2025 மார்ச்சில் கோடாய் மெலிந்தது. அவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் புவியிலிருந்து எடுத்த படங்களை இணையத்திலிருந்து திரட்டி, ஆண்டுக் குறிப்பை மறைத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வரிசைப்படுத்தும் பணியை அவர்களிடமே விடுங்கள்.