வயர்லெஸ் ஜாமரும் புளியங்கொட்டையும்: யார் இந்த ஜான் வான் நியூமன்?

சேலம், நாமக்கல் பக்கம் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘ஒத்தையா ரெட்டையா’ தெரியாமல் இருக்காது. ஒருவர் புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடி நீட்டுவார். எதிரே இருப்பவர் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று சொல்லணும். சரியாகச் சொன்னால் கொட்டை அவருக்கு. எப்பவும் ஒத்தையே வைக்கிற பையன் நாலாவது ஆட்டத்தில் மாட்டிக்குவான். ஒண்ணு விட்டு ஒண்ணு மாத்தி வைத்தாலும் அதே கதிதான்.

வயர்லெஸ் நெட்வொர்க்கை முடக்கும் ஜாமருக்கும், தகவல் அனுப்பும் கருவிக்கும் நடப்பதும் இதே ஆட்டம். சிக்னல் போகும் சேனலிலேயே ஜாமர் இரைச்சலைக் கொட்டினால் தகவல் காலி. வேறு சேனலில் கொட்டினால் தப்பித்தது. இந்த மாதிரி ஆட்டங்களுக்கு விடை கண்டவர் ஜான் வான் நியூமன்.

1903 டிசம்பர் 28-ல் புடாபெஸ்ட்டில், வசதியான யூத வங்கியாளர் வீட்டில் பிறந்தார். கணக்கு சோறு போடுமா என்று அவர் அப்பாவுக்கும் கவலை (எல்லா ஊர் அப்பாக்களும் ஒண்ணுதான்). அதனால் சூரிச்சில் கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்தார். கூடவே புடாபெஸ்ட்டில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்.

பொழுதுபோக்கு விளையாட்டுகள் பற்றி ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய கட்டுரை 1928-ல் வெளியானது. அப்போது வயது 24. அதில் ரேடியோ பேச்சே இல்லை. ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டம் என்கிற இருவர் ஆட்டத்தில், எதிராளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சராசரியாக இவ்வளவு நமக்கு உறுதி என்று ஓர் அளவு உண்டு. அதைப் பிடிக்க, சரியான விகிதத்தில், குலுக்கிப் போட்ட மாதிரி ஆடணும். இதைத்தான் நிரூபித்தார்.

ஜாமருக்குப் பொருத்திப் பார்ப்போம். இரண்டு சேனல்கள். ஒன்று, மற்றதைவிட இரண்டு மடங்கு தகவல் கொண்டுபோகும். நல்ல சேனலையே அதிகம் பயன்படுத்தலாம் என்றுதான் தோணும். ஆனால் ஜாமர் காத்திருப்பதே அங்கேதான்! கணக்குப்படி மூன்றில் ஒரு முறைதான் நல்ல சேனல். மீதி இரண்டு முறை சுமாரான சேனல். அப்படி ஆடினால் ஜாமர் எங்கே அடித்தாலும் நமக்குக் கிடைக்கும் சராசரி மாறாது. சேனல் மாறும் வரிசையை ஜாமர் யூகிக்கக் கூடாது. தகவலைப் பெறும் கருவிக்கு மட்டும் அது தெரிஞ்சிருக்கணும்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் நியூமன் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் பேராசிரியரானார். 1944-ல் ஆஸ்கர் மோர்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து எழுதிய புத்தகம் கேம் தியரியைத் தனித் துறையாக்கியது. நாகசாகியில் விழுந்த அணுகுண்டின் வெடிப்பு முறையிலும் அவர் கணக்கு உண்டு. நாடுகளின் போரில் இரண்டு பக்கமும் அழியலாம் என்பதால், ‘உன் நஷ்டம் என் லாபம்’ கணக்கு அங்கே இடறும். ஜாமர் விஷயத்தில்தான் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

1957 பிப்ரவரி 8-ல், 53 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

சேலம் - நாமக்கல் ரோட்டில் போகும் லாரிக்குள் பாட்டுப் பாடும் ப்ளூடூத் ஸ்பீக்கர், 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1,600 முறை வரை தாவுகிறது. அங்கே எதிரி யாருமில்லை. பக்கத்துக் கருவிகளின் இரைச்சல்தான். வேணும்னே அடிக்கிற ஜாமர் வந்தால், எந்தச் சேனலுக்கு எத்தனை முறை போகணும் என்பதற்கு அந்த 1928 கணக்கைத்தான் எடுக்கணும்.