கிளட்ச் பெடலை எடுத்தவர்: அடால்ஃப் கெக்ரெஸ்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் மண்டகப்பட்டு வரும். அங்கே ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு குன்றைக் குடைந்து கோயிலாக்கி, ஒரு கல்வெட்டும் வெட்டி வைத்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் இது என்பது அதன் சாரம். அதில் அவன் தனக்குக் கொடுத்துக்கொண்ட பெயர் விசித்திரசித்தன்.

இன்னின்ன பொருள் இல்லாமல் இது நடக்காது என்று ஊரே நம்புகிறபோது, அதை எடுத்துவிட்டுச் செய்துபார்க்கிற புத்தி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அப்படிப்பட்ட இன்னொரு விசித்திரசித்தர் பிரான்ஸில் பிறந்தார்.  இந்த வருஷக் கூடுகைக்குத் திண்டிவனம் வழியாகக் காரில் வருகிற நம்மவர்களில் சிலருடைய வண்டிக்குள்ளும் அவருடைய யோசனை ஓடிக்கொண்டிருக்கும். அவர்தான் அடால்ஃப் கெக்ரெஸ்.

அரண்மனை கராஜில்

கெக்ரெஸ் 1879-ல் கிழக்கு பிரான்ஸில் எரிக்கூர் என்ற சிறிய ஊரில் பிறந்தார். இளம் வயதிலேயே பிழைப்பு தேடி ரஷ்யாவுக்குப் போனார். நம்ம பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிற மாதிரிதான். கைத்திறமை அவரை வெகு உயரத்துக்குக் கொண்டுபோனது. பீட்டர்ஸ்பர்க்கில் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸின் கார்களைப் பராமரிக்கும் அரண்மனை கராஜுக்கு அவரே தொழில்நுட்பத் தலைவர் ஆனார்.

அங்கே அவருக்குத் தலைவலி கொடுத்தது பனி. ரஷ்யக் குளிர்காலத்தில் மன்னரின் விலையுயர்ந்த கார்கள் பனியில் புதைந்து நின்றன. சக்கரம் சுற்றும், வண்டி நகராது. குதிரை வண்டிக்காரன் கடந்து போய்க்கொண்டே இருப்பான்!

கெக்ரெஸ் என்ன செய்தார்? பின்சக்கரங்களைக் கழற்றினார். அந்த இடத்தில் புல்டோசர் செயின் போல, ஆனால் இரும்பு இல்லாமல், வளைந்து கொடுக்கிற ரப்பர் பெல்ட்டைச் சுற்றவிட்டார். எடை ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவியதால் வண்டி பனியில் புதையவில்லை. முன்சக்கரத்தை மட்டும் அவர் மாற்றி அமைக்கவில்லை. தேவைப்பட்டால் அதோடு பனிச்சறுக்குக் கட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்டியரிங் அப்படியே இருந்தது. ஆகவே கார் ஓட்டத் தெரிந்த யாரும் அதை ஓட்டலாம். பாதி கார், பாதி செயின் வண்டி. இந்தப் பாதி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்க்கை முழுவதும் இதுதான் வரும்.

எல்லாம் போன பிறகு

1917-ல் புரட்சி வந்தது. மன்னர் முடியிழந்தார், கெக்ரெஸ் வேலையிழந்தார். பல வருஷம் உழைத்துச் சேர்த்த பதவி, மரியாதை எல்லாம் ஒரே வருஷத்தில் போயிற்று. பின்லாந்து வழியாகத் தாய்நாடு திரும்பியபோது அவருக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மன்னருக்காக அவர் கண்டுபிடித்த அதே அமைப்பைப் பொருத்திய ரோல்ஸ் ராய்ஸ் காரைப் பின்னால் பயன்படுத்தியவர் லெனின்! மாஸ்கோவுக்கு அருகே கோர்கியில் உள்ள அருங்காட்சியகத்தில் அந்தக் கார் வைக்கப்பட்டிருக்கிறது.

கெக்ரெஸ் சோர்ந்து உட்காரவில்லை. ஜாக் ஹின்ஸ்டன் என்ற பொறியாளர் மூலம் ஆந்திரே சிட்ரோயனின் தொடர்பு கிடைத்தது. பனிக்கு ஆன பெல்ட் மணலுக்கும் ஆகும் என்பதைச் சிட்ரோயன் புரிந்துகொண்டார். 1922 டிசம்பர் 17 அன்று அல்ஜீரியாவின் துக்கூரிலிருந்து ஐந்து சிட்ரோயன் கெக்ரெஸ் வண்டிகள் கிளம்பின. மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சஹாரா பாலைவனத்தைக் கடந்து 1923 ஜனவரி 7 அன்று திம்புக்து போய்ச் சேர்ந்தன. சஹாராவை மோட்டார் வண்டி கடந்தது அதுவே முதல் தடவை.

1931-ல் பெய்ரூட்டிலிருந்து பீக்கிங் வரை போன பயணத்தில் இவருடைய வண்டிகள் நம் இந்தியாவுக்கும் வந்தன. ஸ்ரீநகரிலிருந்து கில்கித் போகும் மலைப்பாதையில், வழி குறுகின இடங்களில், வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றிக் கூலியாட்கள் சுமந்துபோய் மறுபடி பூட்டினார்கள். இரண்டு வண்டிகள் கில்கித்தை எட்டின.

இரண்டு கிளட்ச்

அடுத்தபடியாக அவர் கியர் பாக்ஸில் கை வைத்தார். அந்தக் காலத்து டிரைவருக்குக் கியர் மாற்றுவதே பெரிய வித்தை. நம்ம ஊர்ப் பழைய லாரி டிரைவர்கள் டபுள் கிளட்ச் போடுவது என்று சொல்வார்கள். ஒரு கியருக்குக் கிளட்சை இரண்டு தடவை மிதிப்பது. கெக்ரெஸ் செய்தது அதுவல்ல. வண்டிக்குள்ளேயே இரண்டு கிளட்ச் வைத்தார், மிதிக்கிற பெடலை எடுத்துவிட்டார்!

யோசனை எளிமையானது. ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்சில், இரட்டைப்படைக் கியர்கள் இன்னொரு கிளட்சில். வண்டி மூன்றில் ஓடும்போதே அடுத்த தண்டில் நான்கு பூட்டித் தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்க, இழுவை அறுபடாமல் கியர் மாறிவிடும். உள்ளே இருப்பதோ நாம் அறிந்த மேனுவல் கியர் பாக்ஸின் பற்சக்கரங்கள்தான். மிதிக்கிற வேலை மட்டும் இயந்திரத்துக்குப் போனது. மறுபடியும் பாதிப் பாதி!

1939-ல் இதை ஒரு சிட்ரோயன் காரில் பொருத்திப் பார்த்தார். அந்த வருஷமே உலகப்போர் வெடித்தது. அடுத்த வருஷம் ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்தார்கள். வெடிமருந்து சுமந்து ஆளில்லாமல் போகும் சிறிய செயின் வண்டி ஒன்றின் மாதிரியையும் கெக்ரெஸ் செய்திருந்தார். அது சேன் நதிப் பக்கம் அவர்கள் கையில் சிக்கியது. அதைப் பார்த்து அவர்கள் கோலியாத் என்ற ஆயுதத்தைச் செய்தார்கள். இரண்டு கிளட்ச் கியர் பாக்ஸோ தொழிற்சாலை வரை போகவே இல்லை. 1943 பிப்ரவரியில் கெக்ரெஸ் காலமானார். தன் கடைசிக் கண்டுபிடிப்பு சாலைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

தவறு யோசனையில் இல்லை. ஒரு கிளட்ச் விடுவதும் மறு கிளட்ச் பிடிப்பதும் நொடியின் சிறு பங்கு பிசகாமல் நடக்க வேண்டும். அதற்கு எலக்ட்ரானிக்ஸ் தேவைப்பட்டது. 1980-களில் போர்ஷே தன் பந்தயக் கார்களில் அதை ஓட்டிக்காட்டியது. 2003-ல் வோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் அது கடைக்கு வந்தது. 64 வருஷம்! 2019-ல் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வென்யூவிலும் இரண்டு கிளட்ச் வந்துவிட்டது.

டி-யா, மேனுவலா?

இப்போது நண்பர்கள் கூடினால் எழுகிற வாதத்துக்கு வருவோம். இந்த வண்டியை டி-யில் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதா, மேனுவலுக்குத் தள்ளி நாமே கூட்டிக் குறைப்பதா?

இயந்திரம் எதை வைத்து அடுத்த கியரைத் தயார் செய்கிறது என்று பாருங்கள். வேகம், ஆக்சிலேட்டர், பிரேக் இவற்றை வைத்துத்தான் ஊகிக்கிறது. எதிரே வளைவு இருப்பதும், கரும்பு டிராக்டர் தள்ளாடிப் போவதும் அதற்குத் தெரியாது. அது உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும். மூன்றில் போகும்போது அது நான்கைத் தயார் செய்து வைத்திருக்க, நீங்கள் திடீரென்று இரண்டைக் கேட்டால் சற்றே தாமதம் ஆகும். இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது அந்தச் சற்றே என்பது பெரிய விஷயம்.

ஆகவே நான்குவழிச் சாலையிலும் ஊருக்குள்ளும் டி போதும். பெரும்பாலும் நம்மைவிடச் சிக்கனமாகவே அது மாற்றும். முந்துவதற்கு முன்பு, வலப்பக்கம் ஒதுங்குவதற்கு முன்னாலேயே, மேனுவலில் ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு, கொல்லிமலை இறங்கும்போது மேனுவலில் இரண்டு அல்லது மூன்றில் வையுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடிக்கும், பிரேக் சூடேறாது. எஞ்சின் தாங்காத கியரைக் கேட்டால் வண்டி மறுத்துவிடும், பயமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மேனுவலும் காப்பாற்றாது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால், எந்த நிலையில் இருந்தாலும், உள்ளே கிளட்ச் தேய்ந்து சூடாகும். எண்ணெயில் முழுகாத உலர் கிளட்ச் வகைக்கு இது கூடவே ஆகாது. சுங்கச்சாவடி வரிசையில் பிரேக்கை நன்றாக அழுத்தி நில்லுங்கள். முன்னால் இடம் விட்டதும் ஒரே மூச்சில் நகருங்கள். மேட்டில் ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்காதீர்கள், பிரேக் எதற்கு இருக்கிறது? பெடலைக் காணோம் என்பதால் கிளட்சே இல்லை என்று நினைத்தவர்கள் மெக்கானிக்கிடம் பெரிய தொகை கொடுத்துத்தான் பாடம் படிக்கிறார்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கு

கெக்ரெஸ் எதையும் முழுதாகத் தூக்கி எறியவில்லை. மனிதனைச் சிரமப்படுத்தியது எதுவோ அதை மட்டும் இயந்திரத்திடம் கொடுத்தார். பனி வண்டியிலும் ஸ்டியரிங் மனிதன் கையில் இருந்தது. அவர் வழி வந்த கியர் பாக்ஸிலும் கூட்டல், கழித்தல் குறி நம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. கால் ஓய்வெடுக்கலாம், கண் ஓய்வெடுக்கக் கூடாது.

நம் கல்லூரியில் இன்று படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாற்பது வயதை நெருங்கும்போது எல்லாவற்றையும் இழந்து ஊர் திரும்பியவர் அவர். சஹாராவைக் கடந்தது அதற்குப் பிறகு. அறுபதாவது வயதில் செய்த வேலைக்கு உலகம் 64 வருஷம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. உங்கள் புராஜெக்ட்டை இந்த வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். வரைபடத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.